உலகக் கோப்பை கால்பந்து: செயலியா, டிடிஎச்சா?

2022 கத்தார் உலகக் கோப்பையைக் காலிறுதி வரை இலவசச் செயலியில் பார்த்தேன், அரையிறுதியிலிருந்து டிடிஎச்சுக்கு மாறினேன். என் ஓட்டு டிடிஎச்சுக்குத்தான். செலவு, படத் தரம் என்று மட்டும் பார்த்தால் செயலிதான் முன்னால் நிற்கும். 2022-ல் காசு கிடையாது, 4கே படம், தமிழ் வர்ணனை, வெளியே போனாலும் கைபேசியில் பார்த்துக்கொள்ள முடிந்தது. டிடிஎச்சுக்கு மாதக் கட்டணம் உண்டு, விளையாட்டு சேனலுக்குத் தனியாகவும் கட்ட வேண்டும். சரி, அப்புறம் ஏன் மாறினேன்?

நான் இருப்பது வட சென்னை வியாசர்பாடி. பிள்ளைகள் நடக்கப் பழகியதும் பந்தை உதைக்கிற இடம், உலகக் கோப்பை வந்துவிட்டால் யாரும் வீட்டில் அமைதியாக உட்கார்ந்து பார்க்க மாட்டார்கள். எங்களுக்கும் பக்கத்து வீட்டுக்கும் ஒரே சுவர், அங்கே கேபிள். அர்ஜென்டினாவை சவுதி அரேபியா 2-1 என்று சாய்த்த அன்றே விஷயம் புரிந்துவிட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் கத்தி ஓய்ந்து கிட்டத்தட்ட அரை நிமிடம் கழித்துத்தான் என் திரையில் சவுதியின் அல் தவ்சாரி வெற்றி கோலுக்கான பந்தை உதைக்கிறார்.

நெட் வேகம் போதவில்லை என்று நினைத்து பெரிய பிளானுக்கு மாறினேன். படம் திக்காமல் ஓடியது, தாமதம் மட்டும் அப்படியே இருந்தது. இணையத்தில் நேரலையைச் சில விநாடித் துண்டுகளாக வெட்டி அனுப்புகிறார்கள், நடுவில் நிற்காமல் ஓட வேண்டும் என்பதற்காகச் சில துண்டுகள் கையில் சேர்ந்த பிறகே செயலி காட்ட ஆரம்பிக்கிறது. அதனால் வேகத்தைக் கூட்டினாலும் அந்தக் காத்திருப்பு போகாது. செயற்கைக்கோள் கிட்டத்தட்ட 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருந்தாலும் சிக்னல் மேலே போய்க் கீழே வர கால் விநாடிதான் ஆகும். டிடிஎச்சிலும் படத்தைச் சுருக்கி விரிக்கச் சில விநாடி போகும், ஆனால் கேபிளுக்கும் கிட்டத்தட்ட அதே கணக்குதான் என்பதால் தெருவும் நாமும் சேர்ந்தே பார்ப்போம்.

டிசம்பர் 9, பிரேசில் - குரோஷியா காலிறுதி. மாண்டஸ் புயல் கரையைக் கடக்கப்போகிற இரவு, வெளியே காற்று வீசிக்கொண்டிருக்கிறது. கூடுதல் நேரத்தின் முதல் பாதி முடிகிற நேரத்தில் பிரேசிலின் நெய்மர் போட்ட கோலோடு முடிந்துவிடும் என்று நம்பிக்கொண்டிருக்கும்போது பக்கத்து வீட்டில் "ஐயோ" என்று ஒரு குரல், அதற்கப்புறம்தான் குரோஷியாவின் பெட்கோவிச் சமன் செய்ததைப் பார்த்தேன். பெனால்டியில் பிரேசிலின் மார்க்கின்யோஸ் பந்தின் முன் வந்து நிற்கும்போதே அந்த வீடு அடங்கிப்போயிருந்தது. அவர் அடித்தது கம்பத்தில் பட்டு வெளியே போனபோது எனக்கு அழக்கூட வரவில்லை, ஏற்கெனவே தெரிந்துவிட்டதே. அந்த உலகக் கோப்பையில் 5 ஆட்டங்கள் பெனால்டிக்குப் போயின. ஒவ்வொரு உதைக்கும் முன்னால் இருக்கிற அந்த ஒரு மூச்சுக்காகத்தான் பெனால்டியையே பார்க்கிறோம்.

மறுநாள் பரணில் கிடந்த பழைய டிடிஎச் பெட்டியை இறக்கி, ரீசார்ஜ் செய்து வைத்தேன். அர்ஜென்டினா - பிரான்ஸ் இறுதி ஆட்டத்தில் பிரான்சின் எம்பாப்பே இரண்டு நிமிடத்துக்குள் இரண்டு கோல் போட்டதையும், கடைசி நொடிகளில் அதே அணியின் கோலோ முவானி அடித்ததை அர்ஜென்டினா கோல்கீப்பர் எமி மார்டினெஸ் காலால் தடுத்ததையும் தெரு முழுக்க ஒரே நேரத்தில் பார்த்தோம். நானும் அவர்களோடு சேர்ந்தே கத்தினேன். 4கே இல்லாதது ஒரு நொடிகூட உறுத்தவில்லை.

ஆனால் டிடிஎச்சில் நான் பார்த்தது 4 ஆட்டங்கள்தான், ஒன்றில்கூட மழை இல்லை. அடைமழையில் டிடிஎச் சிக்னல் போய்விடும், மாண்டஸ் இரவில் அதை நம்பியிருந்தால் பெனால்டியே பார்க்காமல் போயிருக்கலாம். அன்று செயலிதான் கைகொடுத்தது. தனி வீடு, அக்கம்பக்கத்தில் கால்பந்து பார்ப்பவர் யாரும் இல்லை, வாட்ஸ்அப்பையும் அணைத்துவிடுவீர்கள் என்றால் தாராளமாகச் செயலியிலேயே பாருங்கள்.

2026 உலகக் கோப்பை அமெரிக்கா, கனடா, மெக்சிகோவில், மொத்தம் 104 ஆட்டங்கள். நம் கணக்கில் பெரும்பாலும் நள்ளிரவும் விடியற்காலையும்தான். அந்த நேரத்தில் ஊர் தூங்கும் என்பார்கள். பிரேசில் ஆடும்போது எங்கள் தெரு தூங்காது, அதனால் பெட்டியைப் பரணில் ஏற்றவில்லை.