இரண்டு மணி நேரத்தை வீணாக்காத மருத்துவ நிலையம்

அரசு மருத்துவ நிலையங்களைப் பற்றிப் பேசும்போது இடம் சுத்தமாக இருந்ததா, மருத்துவர் இருந்தாரா, மருந்து கிடைத்ததா என்ற மூன்று கேள்விகளோடு நிறுத்திக்கொள்வது நம் வழக்கம். மூன்றும் தேவையான கேள்விகள்தான். ஆனால் அன்றாடக் கூலியில் குடும்பம் நடத்துகிறவர்களுக்கு இன்னொரு கேள்வியும் உண்டு. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்தால், அந்த ஒரே நாளில் எத்தனை வேலை முடியும் என்பதே அது. வடசென்னையில் எங்கள் பகுதியிலுள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தை அந்தக் கேள்வியை முன்வைத்தே இங்கு மதிப்பிடுகிறேன். குறைகளையும் எழுதவிருப்பதால் அதன் பெயரைக் குறிப்பிடவில்லை.

2013இல் தொடங்கிய தேசிய நகர்ப்புற நலவாழ்வு இயக்கம், ஏறத்தாழ ஐம்பதாயிரம் பேருக்கு ஒரு நிலையம் என்று கணக்கு வகுத்தது. துறைமுகத்தையும் மீன்பிடித் தொழிலையும் நம்பிய நெருக்கமான குடியிருப்புகளில் ஐம்பதாயிரம் பேர் என்றால், சர்க்கரை நோய், இரத்த அழுத்தம், காசநோய், கர்ப்பகாலப் பராமரிப்பு, குடிப்பழக்கம், அதனால் நொறுங்கும் குடும்பங்கள் என எல்லாமே ஒரே வாசல் வழியாகத்தான் வர வேண்டியிருக்கிறது. அத்தனைக்கும் இடமளிக்கப் பொது மருத்துவம், தாய்சேய் நலம், தொற்றா நோய்ப் பிரிவு, ஆய்வகம், மருந்தகம், காசநோய்ப் பிரிவு, ஆலோசகர் அறை, சித்த மருத்துவப் பிரிவு ஆகியவற்றை ஒரே கட்டடத்தில் வைத்திருக்கிறார்கள். ஒரே கூரையின் கீழ் அறைகளை அடுக்கிவிட்டால் மட்டும் ஒருங்கிணைந்த சேவை வந்துவிடாது என்பதை மருத்துவமனைகளில் அலைந்த எவரும் அறிவர். அறைக்கு அறை தனி வரிசை, தனிச் சீட்டு, தனி நாள் என்று இருந்தால் அது அலைச்சலை ஒரே முகவரிக்குள் அடைத்து வைத்ததாகத்தான் ஆகும்.

இந்த நிலையம் அந்த இடத்தில்தான் வேறுபடுகிறது. மீன் ஏலக்கூடத்தில் வேலை செய்யும் எங்கள் தெரு அக்கா ஒருவருக்குத் துணையாகச் சென்றபோது அதை நேரில் கண்டேன். சர்க்கரை நோயாளிக்கு வெறும் வயிற்றில் ஒரு முறையும், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து ஒரு முறையும் இரத்தம் எடுக்க வேண்டும். பெரும்பாலான இடங்களில் இந்த இரண்டு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருக்கும் நேரமாகவே கழிகிறது. அதனால் பலர் முதல் ஊசியோடு வேலைக்கு ஓடிவிடுகிறார்கள். இங்கே செவிலியர் முதல் இரத்தத்தை எடுத்தவுடன், "சாப்ட்டுட்டு வாங்கம்மா, அடுத்த ஊசிக்கு ரெண்டு மணி நேரம் இருக்கு, அதுக்குள்ள காலையும் கண்ணையும் பாத்துடலாம்" என்று சொல்லி, நோட்டின் ஓரத்தில் அடுத்தடுத்துப் போக வேண்டிய அறைகளின் எண்களை வரிசையாக எழுதிக் கொடுத்தார்.

அடுத்து நடந்தவை எல்லாம் அந்த வரிசைப்படியே நடந்தன. இரத்த அழுத்தம் பார்க்கும் மேசையைக் கூடத்தின் ஓரத்திலேயே, தரைத்தளத்தில் போட்டிருக்கிறார்கள். மாடி ஏறி மூச்சு வாங்க வந்து நிற்பவருக்கு அளந்தால் அழுத்தம் கூடுதலாகவே காட்டும். ஐந்து நிமிடமாவது அமைதியாக உட்கார்ந்த பிறகே அளக்க வேண்டும் என்ற விதியை மனத்தில் வைத்து அந்த மேசைக்கு அருகில் சாய்வு நாற்காலிகளைப் போட்டிருப்பதை நான் மிகவும் மதிக்கிறேன். பாதப் பரிசோதனையில் அக்காவைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, ஒரு பிடியின் நுனியில் இருந்த மெல்லிய நைலான் இழையைப் பாதத்தில் இடம் மாற்றி மாற்றித் தொட்டார்கள். பத்து கிராம் அழுத்தத்தில் வளையும்படி செய்யப்பட்ட அந்த இழை தொடுவது தெரியவில்லை என்றால், பாதத்தில் உணர்ச்சி குறைந்துவிட்டது என்று பொருள். நாள் முழுவதும் ஈரத்தில், மீன் முள்ளும் ஐஸ் துண்டும் சிதறிய தரையில் நிற்பவருக்கு இதைவிட அவசியமான பரிசோதனை எதுவும் எனக்குத் தோன்றவில்லை. இடது பெருவிரலுக்குக் கீழே ஓரிடத்தில் தொட்டது அவருக்குத் தெரியவில்லை. செருப்பு எப்படி இருக்க வேண்டும், இரவில் பாதத்தை எப்படிப் பார்க்க வேண்டும் என்று அங்கேயே விளக்கினார்கள். முப்பது வயதைக் கடந்த பெண்களுக்கான மார்பக, கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனையும் அந்த இடைவெளியிலேயே முடிந்தது. அதற்கென்று தனியாக ஒரு நாள் வரச் சொல்லியிருந்தால் அவர் வந்திருக்க மாட்டார். அவரே அப்படித்தான் சொன்னார்.

சாப்பிடுவதற்கு எங்கே போவது என்பதும் வடிவமைப்பில் சேர்ந்ததுதான். இந்த நிலையத்திலிருந்து நடக்கும் தொலைவில் ஓர் அம்மா உணவகம் இருக்கிறது. ஒரு ரூபாய்க்கு இட்லி, ஐந்து ரூபாய்க்குப் பொங்கல் கிடைக்கும் அந்த இடம் இல்லாவிட்டால், பரிசோதனைக்காக வெளியே வாங்கிச் சாப்பிடும் காலை உணவே இங்கு வரும் பலருக்குச் செலவாகத் தோன்றும். இது திட்டமிட்டு அமைந்த அருகாமை அல்ல என்றே நினைக்கிறேன். ஆயினும், இனி புதிதாக நிலையம் கட்ட இடம் தேடுகிறவர்கள் இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

மருந்தகம் பற்றிக் குறையாகச் சொல்ல ஒன்றுமில்லை. 1994இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாகக் கொள்முதல் செய்து வழங்கும் ஏற்பாட்டின் பலன் இந்தச் சன்னலில் கண்ணுக்குத் தெரிகிறது. மருந்தாளுநர் எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காக உறையின் மேல் பேனாவால் காலைக்கு ஒரு சூரியனும் இரவுக்கு ஒரு பிறையும் வரைந்து கொடுக்கிறார். வாங்கியவரையே திருப்பிச் சொல்லச் சொல்லி, சரியாகச் சொன்ன பிறகுதான் அடுத்தவரை அழைக்கிறார். வரிசை சற்று மெதுவாகத்தான் நகர்கிறது என்றாலும் அந்த நிதானம் தேவையானது.

2021 ஆகஸ்டு 5ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பெண் தன்னார்வலர்கள் இந்த நிலையத்தோடு உண்மையாகவே பிணைந்திருக்கிறார்கள் என்பது இன்னொரு பலம். நடக்க முடியாதவர்களுக்கு மாத்திரையை வீட்டுக்கே கொண்டுபோவது, இயன்முறை சிகிச்சையாளரை அழைத்துவருவது ஆகியவை எல்லோரும் அறிந்த பணிகள். இங்கே அதற்கும் மேலாக, மருந்து வாங்க வராமல் நின்றுவிட்டவர்களின் பட்டியலைத் தெருவாரியாகப் பிரித்துத் தன்னார்வலர்களிடம் கொடுக்கிறார்கள். ஏன் வரவில்லை என்ற காரணம் அந்தப் பட்டியலின் கடைசிப் பத்தியில் எழுதப்பட்டுத் திரும்பி வருகிறது. நேரமில்லை, வீடு மாறிவிட்டார், குடி என்று அதில் இருந்த சுருக்கமான குறிப்புகளைப் பார்த்தபோது, மருத்துவர் தம் அறைக்குள்ளிருந்து ஒருபோதும் அறிய முடியாத செய்திகள் அவை என்பது விளங்கியது.

இனி குறைகள். முதலாவது காற்று. காத்திருப்புக் கூடத்தில் அண்மையில் குளிர்சாதனம் பொருத்தி, மேற்கு பக்கச் சன்னல்களை அடைத்துவிட்டார்கள். வெயில் காலத்தில் மக்களுக்கு வசதி செய்ய வேண்டும் என்ற நல்ல எண்ணம்தான் காரணம். ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் இருமலோடு வருகிறவரும், கர்ப்பிணியும், கைக்குழந்தையோடு தடுப்பூசிக்கு வந்தவரும் அந்த ஒரே கூடத்தில்தான் அமர்கிறார்கள். இயற்கைக் காற்றோட்டத்துக்கான உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல், புறநோயாளிகள் பகுதியில் ஒருவருக்கு நொடிக்கு அறுபது லிட்டர் புதிய காற்று தேவை என்கிறது. அடைத்த கூடத்தில் அதற்கு வழியே இல்லை. ருவாண்டாவில் 2011இல் திறக்கப்பட்ட புட்டாரோ மருத்துவமனை, காசநோய் பரவுவதைத் தடுப்பதற்காகவே உயரமான கூரையும் மேல்சன்னல்களும் திறந்த நடைவழிகளும் கொண்டு கட்டப்பட்டது. அவ்வளவு கூட வேண்டாம்; கட்டடத்தின் பின்புறம் வேப்பமரத்தடியில் தகரக் கொட்டகை போட்டு, இருமல் உள்ளவர்களை வாசலிலேயே பார்த்து அங்கே அமரச் செய்தால் போதும். சளி மாதிரி கொடுப்பதற்கும் திறந்த வெளியே சரியான இடம். இப்போது அதற்குக் கழிப்பறையைத்தான் காட்டுகிறார்கள், அது கூடாது.

இரண்டாவது குறை எனக்கு இன்னும் பெரிதாகப் படுகிறது. ஆலோசகர் அறை என்பது கூடத்தின் ஒரு மூலையை அலுமினியத் தடுப்பால் மறைத்து உருவாக்கியது. தடுப்பு கூரை வரை எட்டவில்லை. உள்ளே ஒரு பெண் தன் கணவரின் குடியைப் பற்றியும் தான் பட்ட அடியைப் பற்றியும் தாழ்ந்த குரலில் சொன்னது வெளியே அமர்ந்திருந்த எங்கள் அனைவருக்கும் கேட்டது. கூடத்தில் பாதிப் பேர் அவருடைய தெருவைச் சேர்ந்தவர்கள். அவர் மறுபடி வருவாரா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அதைக் கேட்டுக்கொண்டிருந்தவர்களில், தம் துயரத்தைச் சொல்ல உள்ளே போகலாம் என்று நினைத்திருந்த ஒருவராவது அன்று எழுந்து போயிருப்பார். அறையின் கதவில் மனநலம் என்று பெரிய எழுத்தில் எழுதியிருப்பதும் வேண்டாத வேலை. மற்ற அறைகளைப் போல அதற்கும் ஓர் எண் இருந்தால் போதும், செவிலியர் நோட்டில் எழுதும் வரிசையில் அதுவும் ஓர் எண்ணாகச் சேர்ந்துவிடும். கூரை வரை எட்டும் சுவருக்கு ஆகும் செலவு, அந்தக் குளிர்சாதனத்துக்கு ஆனதைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.

இப்படி மாற்றுவதற்கு இடம்கொடுக்கும் கட்டடங்கள் புதியவையும் அல்ல. லண்டனின் ஏழைப் பகுதியான ஃபின்ஸ்பரியில் 1938இல் கட்டடக் கலைஞர் பெர்த்தோல்ட் லுபெட்கின் குழுவினர் வடிவமைத்த சுகாதார நிலையம், சிதறிக் கிடந்த காசநோய், பல், பாதச் சிகிச்சைகளை ஒன்றாகக் கூட்டியது. தேவைகள் மாறும் என்பதை முன்கூட்டியே உணர்ந்து, உள்சுவர்களைப் பின்னாளில் நகர்த்திக்கொள்ளும்படி அமைத்தார்கள். நம்மூரில் ஒரே வரைபடத்தை எல்லாப் பகுதிக்கும் அச்சடித்ததுபோல் கட்டிவிட்டு, புதிய சேவை வரும்போதெல்லாம் அலுமினியத் தடுப்பைத் தேடுகிறோம்.

சிறிய குறைகளும் உண்டு. சித்த மருத்துவர் எழுதுவதும் பொது மருத்துவர் எழுதுவதும் வெவ்வேறு சீட்டுகளில் இருக்கின்றன. இரண்டு பக்கமும் மருந்து வாங்குகிறவர் என்னென்ன சாப்பிடுகிறார் என்பது இருவருக்குமே தெரியாமல் போகிறது. கையில் இருக்கும் அதே நோட்டில் இருவரும் எழுதலாம். வாசலில் சாய்தளம் இருக்கிறது, ஆனால் ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும் என்ற அளவுக்கு அது எட்டவில்லை. சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஏற இரண்டு பேர் தேவைப்படுகிறது. கட்டுமான வேலைக்கு வந்திருக்கும் வடமாநிலத் தொழிலாளர்களுக்கு அறிவிப்புப் பலகைகள் எதுவும் புரிவதில்லை.

போக நினைப்பவர்களுக்கு: சர்க்கரைப் பரிசோதனை என்றால் வெறும் வயிற்றோடு காலை எட்டு மணிக்குப் போய்விடுங்கள், பழைய சீட்டுகளையும் மாத்திரை உறைகளையும் எடுத்துச் செல்லுங்கள், பதினொன்றரைக்குள் அனைத்தும் முடிந்துவிடும். காலையில் வரவே இயலாதவர்களுக்கு அருகிலுள்ள நகர்ப்புற நலவாழ்வு மையம் மாலை நான்கு முதல் எட்டு வரை திறந்திருக்கிறது. 2023 ஜூனில் ஒரே நாளில் ஐந்நூறு மையங்கள் திறக்கப்பட்டபோதே மாலை நேரத்தை அவற்றுக்கு வகுத்தது மிகச் சரியான முடிவு. அங்கே மாலையில் மருந்து கிடைக்கிறது, ஆனால் இரத்தப் பரிசோதனைக்கு மறுநாள் காலை இந்த நிலையத்துக்குத்தான் வரச் சொல்கிறார்கள். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனைக்கு வெறும் வயிறு தேவையில்லை, எந்த நேரத்திலும் இரத்தம் எடுக்கலாம். மாலையில் எடுத்த மாதிரியை மறுநாள் காலை ஆய்வகத்துக்கு அனுப்பும் ஏற்பாட்டைச் செய்துவிட்டால், ஏலக்கூடத்தில் விடியற்காலையிலிருந்து நிற்கிறவர்கள் ஒரு நாள் கூலியையும் இழக்காமல் சிகிச்சையைத் தொடரலாம். நிலையத்தின் கருத்துப் பெட்டியில் இதை எழுதிப் போட்டிருக்கிறேன். அங்கு செல்லும் மற்றவர்களும் எழுதிப் போட வேண்டுகிறேன்.