டிக்ஸ்வில் நாட்ச் நள்ளிரவு வாக்குச்சாவடி: ஒரு மதிப்புரை

அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில், கனடா எல்லையை ஒட்டிய மலைப்பகுதியில் இருக்கும் டிக்ஸ்வில் நாட்ச் என்ற சிற்றூர், தேர்தல் நாளின் நள்ளிரவிலேயே வாக்களித்து முடிவையும் உடனே அறிவித்துவிடும். அதன் வாக்குச்சாவடியை ஒரு பொதுச் சேவையாக எடுத்துக்கொண்டு மதிப்பிடுவதாக இருந்தால், வாக்களிக்க வருபவருக்கு இதைவிட வசதியான சாவடி அந்த நாட்டில் அமைவது அரிது. ஆனால், அதன் முடிவுக்காகத் தொலைக்காட்சி முன் விழித்திருப்பவருக்குக் கிடைக்கும் பயன் சொற்பம்.

நூறு பேருக்கும் குறைவாக வசிக்கும் ஊர்கள் தேர்தல் நாள் பிறந்தவுடன் நள்ளிரவிலேயே வாக்குப்பதிவைத் தொடங்கலாம் என்றும், பட்டியலில் உள்ள அனைவரும் வாக்களித்துவிட்டால் சாவடியை உடனே மூடிவிடலாம் என்றும் அம்மாநிலச் சட்டம் இடமளிக்கிறது. ஹார்ட்ஸ் லொகேஷன் என்ற இன்னொரு சிற்றூர் 1948-லேயே, விடியுமுன் வேலைக்குப் போக வேண்டிய ரயில்வே தொழிலாளர்களுக்காக இப்படி வாக்குப்பதிவு நடத்தியது. டிக்ஸ்வில் நாட்சில் 1960-இல் இதைத் தொடங்கியவர் பால்சம்ஸ் ஹோட்டலின் உரிமையாளர் நீல் டில்லட்சன். 2001-இல் தம் 102-ஆம் வயதில் இறக்கும்வரை முதல் வாக்கு அவருடையதாகவே இருந்தது. ஹோட்டல் நடத்துபவருக்கு இலவச விளம்பரம் கசக்குமா என்ன?

சேவையின் வேகத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. 2024 நவம்பரில் அக்கார்டியனில் தேசிய கீதம் இசைக்கப்பட்டது; பிறகு ஆறு வாக்காளர்களும் வாக்குச்சீட்டுகளைப் பெட்டியில் போட்டார்கள்; சில நிமிடங்களில் எண்ணிக்கையும் முடிந்து, கமலா ஹாரிசுக்கு மூன்று, டொனால்ட் டிரம்புக்கு மூன்று என்ற முடிவு அறிவிக்கப்பட்டது. வரிசையும் இல்லை, காத்திருப்பும் இல்லை.

நூறு சதவீத வாக்குப்பதிவு என்ற பெருமையை மட்டும் அப்படியே ஏற்க முடியவில்லை. 2020-இல் நாடு முழுவதும் வாக்களிக்கத் தகுதியுள்ளவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினரே வாக்களித்தார்கள் என்பதோடு ஒப்பிட்டால் அது வியப்பாகத் தோன்றலாம். ஆனால் ஒருவர் வராவிட்டாலும் சாவடியை மூட முடியாது என்ற நிலையில், வராதவர் யார் என்பது கேமராக்களுக்கே தெரிந்துவிடும் இடத்தில், நூறு சதவீதம் என்பது ஆர்வத்தின் அளவுகோல் மட்டுமல்ல.

இதைவிடப் பெரிய குறை ரகசியம் காக்கப்படாதது. 2020-இல் பதிவான ஐந்து வாக்குகளும் ஜோ பைடனுக்கே விழுந்தன. 2024 ஜனவரியில், குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுப்பதற்கான பிரைமரி தேர்தலில் ஆறும் நிக்கி ஹேலிக்கு விழுந்தன. முடிவு ஒருமனதாக அமைந்துவிட்டால் யார் யாருக்கு வாக்களித்தார் என்பது ஊரறிந்த செய்தி ஆகிவிடுகிறது. வாக்களிப்பவரை மறைக்கத் தடுப்பு வைத்து என்ன பயன்?

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்ற கணக்கும் இங்கே எடுபடாது. முதல் தேர்தலிலேயே ஒன்பது வாக்குகளும் நிக்சனுக்குப் போயின, வென்றவர் கென்னடி. 1968-இல் ஹம்ப்ரிக்குப் பிறகு எந்த ஜனநாயகக் கட்சி வேட்பாளரையும் தேர்ந்தெடுக்காத இந்த ஊர், 2008-இல் ஒபாமாவுக்கு 15, மெக்கெயினுக்கு 6 என்று திரும்பியது; 2012-இல் ஐந்துக்கு ஐந்து எனச் சமமானது. பெரும்பாலும் ஹோட்டலை நம்பியிருந்த ஊர் என்பதால், 2011-இல் ஹோட்டல் மூடப்பட்டதும் வாக்காளர் பட்டியலும் சுருங்கியது. பிறகு ஒரு கட்டத்தில் தேர்தல் பொறுப்புகளை நிரப்பவே ஆள் போதாமல், இந்த வழக்கமே நின்றுபோகும் நிலை வந்தது. ஓரிருவர் குடிபெயர்ந்தாலே முடிவு மாறிவிடும் இடத்தில் அரசியல் போக்கைத் தேடுவது வீண்வேலை.

2016-இல் டிக்ஸ்வில் நாட்ச் ஹிலரி கிளின்டனுக்கு நான்கு வாக்குகளும் டிரம்புக்கு இரண்டு வாக்குகளும் தந்தது. அதே நள்ளிரவில் பக்கத்து ஊரான மில்ஸ்ஃபீல்டில் டிரம்புக்கு 16, கிளின்டனுக்கு 4. இரண்டு ஊர்களும் அடங்கிய கோவஸ் கவுண்டி (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி), ஒபாமாவை இருமுறை ஆதரித்துவிட்டு அந்த ஆண்டு டிரம்ப் பக்கம் சாய்ந்து, அடுத்த இரு தேர்தல்களிலும் அங்கேயே நின்றது. வடக்கு நியூ ஹாம்ப்ஷயரின் கிராமத்து மனநிலையை அறிய விரும்புபவர்கள் நள்ளிரவு ஒளிபரப்பை ஒரு சுவையான நிகழ்ச்சியாகப் பார்த்துவிட்டு உறங்கப் போகலாம். கவுண்டி முழுவதற்குமான எண்ணிக்கை மறுநாள் வந்துவிடும்.