அமோனியாவுக்குனு விக்கிற கல்ச்சர் பவுடர், ஏற்காட்டு குளிருக்கு ஆகுமா? (5க்கு 1.5 மார்க்)

ஏற்காட்டுல ஒரு லாட்ஜ்ல எஸ்டிபி (கழிவுநீர் சுத்திகரிக்கற பிளான்ட்) பாத்துக்கறேன். இந்த மார்கழில ஓனர் யாரோ சொன்னாங்கன்னு ஒரு கல்ச்சர் பவுடர் (கழிவுநீர்ல போடற பாக்டீரியா பொடி) வாங்கிட்டு வந்தாரு, கம்பெனி பேர் வேணாம், இதே சரக்கு பல பேர்ல சுத்துது. கவர் மேல "கடுங்குளிரிலும் அமோனியாவை குறைக்கும்"னு கொட்டை எழுத்துல போட்டிருக்கு. மலை மேல எஸ்டிபி வச்சிருக்கறவங்க காசு போடறதுக்கு முன்னாடி இத படிச்சிருங்க.

பாக்கெட்ட பிரிச்சா தவிடு மாதிரி பழுப்பு பொடி, லேசா புளிச்ச வாடை. வெதுவெதுப்பான தண்ணில வெல்லம் கரைச்சு ராத்திரி ஊற வச்சு காலைல ஏரேஷன் டேங்க்ல (காத்து ஊதற தொட்டி) ஊத்தணுமாம். விடிஞ்சு பாத்தா பக்கெட்ல நுரை தளும்பி நிக்குது, பாக்கறவங்க எல்லாம் நல்லா வேலை செய்யுதுங்கறாங்க. ஆனா வெல்லம் தின்னு நுரை கட்டுற பாக்டீரியா வேற, அமோனியாவ தின்ற பாக்டீரியா வேற. அமோனியாவ நைட்ரைட் ஆக்கறது நைட்ரோசோமோனாஸ், அத நைட்ரேட் ஆக்கறது நைட்ரோஸ்பைரா, நைட்ரோபாக்டர் வகையறா. இதுங்களுக்கு வெல்லமே வேணாம், கார்பனுக்கு தண்ணில கரைஞ்ச கார்பன் டை ஆக்சைடே போதும். அதோட இதுங்க பேசில்லஸ் மாதிரி ஸ்போர் (காஞ்சாலும் சாகாம தாங்குற கூடு) கட்டாது, காய வச்சு பொடியாக்கி மாசக்கணக்குல கடைல வச்சா உசுரோட இருக்கறதே கஷ்டம். கவர் பின்னாடி பொடி எழுத்துல பாருங்க, எல்லாமே பேசில்லஸ் பேருங்கதான். வெல்லத்த ஊத்துறது இன்னும் மோசம், பிஓடி (தண்ணில உள்ள அழுக்க பாக்டீரியா தின்ன தேவைப்படற ஆக்சிஜன் அளவு) ஏறி மத்த பாக்டீரியா ஆக்சிஜன முதல்ல இழுத்துக்கும்.

அந்த 1.5 எதுக்குன்னா வாடை குறைஞ்சுது, கிச்சன் லைன்ல எண்ணெய் படலம் போயிடுச்சு. அவுட்லெட் தண்ணி கண்ணாடி மாதிரி இருந்துச்சு, ஆனா அது முன்னாடியும் அப்படித்தான். லேப் ரிப்போர்ட்ல பிஓடி ஓகே, அமோனியா மட்டும் எறங்கவே இல்ல. கம்பெனிக்கு போன் பண்ணா டோஸ டபுள் ஆக்குங்கன்னாங்க, வேற எதுவும் கேக்கல, டேங்க் தண்ணி எத்தன டிகிரினு கூட கேக்கல. அதுதான் எனக்கு கோவம்.

ஏன்னா விஷயமே அந்த டிகிரிலதான் இருக்கு. அமோனியா தின்ற பாக்டீரியா 28லருந்து 32 டிகிரி வாக்குல நல்லா ஓடும், அதுலருந்து 10 டிகிரி கொறஞ்சா வேகம் ஏறத்தாழ பாதி ஆயிடும், தண்ணியே 10க்கு கீழ போனா ரொம்ப சிரமம். சேலத்துல குளிர்காலத்துலயும் தண்ணி வெதுவெதுப்பா இருக்கும், அங்க ஓடுற கணக்க 1500 மீட்டர் ஒசரத்துல அப்படியே போட்டா எப்படிங்க. இதுல கிறிஸ்துமஸ், நியூ இயர், பொங்கல்னு கூட்டம் வந்து நிக்கறதும் இதே குளிர்ல, லோடு ஏறுற நேரத்துல பாக்டீரியா மந்தமா கெடக்கும்.

எங்களுக்கு கை குடுத்தது பவுடர் இல்ல. ஸ்லட்ஜ் (பாக்டீரியா வாழற சேறு) வெளிய எடுக்கறத குறைச்சோம், அமோனியா தின்ற பாக்டீரியா மெதுவா பெருகுறதால குளிர்ல ஸ்லட்ஜுக்கு வயசு (டேங்க்ல தங்கற நாள்) அதிகம் வேணும், வெயில் காலத்துல நாலஞ்சு நாள் போதும்னா 10 டிகிரி பக்கம் ரெண்டு வாரம் கூட தேவைப்படும். சேலத்துல நல்லா ஓடுற ஒரு பிளான்ட்ல இருந்து ஸ்லட்ஜ் கேன்ல புடிச்சு அன்னிக்கே மலை ஏத்தி ஊத்துனோம், பவுடர் விலைய பாத்தா அந்த வண்டி வாடகை ஒண்ணுமே இல்ல. அப்புறம் சமையல் சோடா. அமோனியால இருக்கற 1 கிராம் நைட்ரஜனுக்கு 7.14 கிராம் ஆல்கலினிட்டி (தண்ணி அமிலத்த தாங்குற சக்தி, கால்சியம் கார்பனேட் கணக்குல) தீரும், சோடா கணக்குல 12 கிராம். எங்க ஊத்து தண்ணில அது கம்மி, பிஹெச் 7க்கு கீழ சறுக்கிட்டே இருந்துச்சு, சோடா போட்டதும் நின்னுச்சு. ஸ்லட்ஜும் சோடாவும் சேந்து கொஞ்சம் கொஞ்சமா அமோனியா எறங்க ஆரம்பிச்சுது, மாசி வெயில் வந்ததும் இன்னும் வேகமா எறங்குச்சு.

ஒண்ணு மட்டும், குளிர் தண்ணில ஆக்சிஜன் நல்லா கரையும், மீட்டர்ல டிஓ (கரைஞ்ச ஆக்சிஜன் அளவு) அழகா காட்டும், அத பாத்துட்டு கரண்ட் மிச்சம்னு ராத்திரி காத்து ஊதற ப்ளோயர ஆஃப் பண்ணிடாதீங்க, 1 கிராம் அமோனியா நைட்ரஜனுக்கு 4.57 கிராம் ஆக்சிஜன் வேணும். பவுடர் ஏற்கெனவே வாங்கி வச்சிருந்தா வெல்லம் போடாம கிச்சன் கிரீஸ் டிராப்ல (எண்ணெய் தேங்கற தொட்டி) போட்டு தீத்துருங்க, அங்க அது உருப்படியா வேலை செய்யுது.