காரின் கதவிலேயே ஒரு பந்தி

செங்கோட்டையிலிருந்து புளியரைக்குப் போகும் கொல்லம் சாலையில் இருக்கும் அந்தப் புரோட்டாக் கடைக்குச் சென்ற ஞாயிறு இரவு அம்மாவை அழைத்துப் போயிருந்தேன். முழங்கால் வலியால் அவர் காரை விட்டு இறங்க விரும்புவதில்லை என்பதால், வண்டிக்கே வந்து பரிமாறுகிறார்கள் என்று கேள்விப்பட்டதே நாங்கள் அங்கு போகப் போதுமானதாக இருந்தது.

முகப்பு விளக்கை ஒருமுறை போட்டு அணைத்ததும் ஒரு தம்பி வந்தார். பக்கத்தில் நின்ற கேரள வண்டியில் மலையாளத்தில் பேசிவிட்டு, எங்களிடம் தென்காசித் தமிழுக்கு மாறினார். அவர் கொண்டுவந்த எவர்சில்வர் தட்டின் கொக்கிகள் பாதி இறக்கிய கண்ணாடியின் விளிம்பில் மாட்டிக்கொள்ள, அடியிலுள்ள தாங்கி கதவில் முட்டி நின்றது. கண்ணாடியில் கீறல் விழாதிருக்க, கொக்கிகளில் சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றியிருந்தார்கள்.

அதைத் தொட்டுப் பார்த்ததுமே அம்மாவுக்கு உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் ஞாபகம் வந்துவிட்டது. சென்னை கதீட்ரல் சாலையில் 1962 முதல் 2008 வரை இருந்த அந்த உணவகத்தில், அப்பாவின் ஃபியட் கதவில் இதேபோல் தட்டு மாட்டித் தோசை சாப்பிட்டிருக்கிறாராம். அந்த இடத்தில்தான் இன்று செம்மொழிப் பூங்கா இருக்கிறது. இந்த வழக்கத்தின் பூர்வீகமான அமெரிக்காவிலோ, மெக்டொனால்டு சகோதரர்கள் 1948இலேயே காருக்கு வந்து பரிமாறிய பணியாளர்களை நிறுத்திவிட்டு, 15 சென்ட் பர்கரை ஜன்னலில் வந்து வாங்கிக்கொள்ளச் செய்தார்கள். மலிவுதான், ஆனால் வண்டியருகே வந்து குனிந்து, என்ன வேண்டும் என்று கேட்க ஆள் இல்லை.

புரோட்டா சிறிதாக, ஓரம் மொறுமொறுப்பாக இருந்தது. மிளகுக் கோழியில் காரம் தொண்டையில் நின்றது. அதற்காகவே இன்னொரு முறை போகலாம். கல்லூரிப் பிள்ளைகளுக்காகச் சேர்த்திருக்கும் பர்கரில் பன் காய்ந்திருந்தது. எல்லையோரத்தில் அதை யார் கேட்டார்கள்?

குறையும் உண்டு. வண்டி நிறுத்துமிடம் சரிவாக இருப்பதால் தட்டு சாய்ந்து சால்னா கதவில் வழிந்தது. குற்றாலச் சாரல் அடிக்கும் மாதங்களில், கண்ணாடியைப் பாதி இறக்கி வைத்தால் மடியும் சேர்ந்து நனையும். கூரை போட்டால் நன்று.

மூவருக்கு 620 ரூபாய் ஆனது. பணம் கொடுத்த பிறகு அந்தத் தம்பி ஒரு வாளியும் செம்பில் வெந்நீரும் கொண்டுவந்து, கதவைத் திறந்து, அம்மா இருக்கையில் இருந்தபடியே கைகழுவ நீர் ஊற்றினார்.