பட்டாம்பூச்சி பார்க்க: சாதா சைக்கிளா, பேட்டரி சைக்கிளா, நடையா?

வெளிநாட்டு விடுமுறையில் பட்டாம்பூச்சி பார்க்க நடையைவிட நல்ல வழி இல்லை என்பார்கள் சிலர். அதில் நியாயமும் இருக்கிறது. பிரிட்டனில் 1976 முதல் நடக்கும் கணக்கெடுப்புக்கே நடைதான் அடிப்படை. குறித்த பாதையில் மெதுவாக நடந்து, இருபுறமும் 2.5 மீட்டர், முன்னால் 5 மீட்டர், அதற்குள் தென்படுவதை மட்டும் எண்ணுகிறார்கள். எண்ணுவதற்குச் சரி. ஆனால் எந்தப் புல்வெளியில் என்ன இருக்கிறது என்றே தெரியாத புது ஊரில், கையில் நாலு நாள் மட்டும் இருப்பவருக்கு நடை கட்டுப்படியாகாது. காலை முழுக்க நடந்து, பூவே இல்லாமல் ஒட்ட வெட்டிய புல்லை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்ப நேரும். சைக்கிள் என்றால் அதே நேரத்தில் நாலைந்து இடம் பார்த்துவிடலாம்.

சரி, எந்தச் சைக்கிள்?

பேட்டரி சைக்கிளை விமானத்தில் கொண்டுபோக நினைக்காதீர்கள். பயணிகள் விமானத்தில் 160 வாட்-மணிக்கு மேல் லித்தியம் பேட்டரி ஏற்றமாட்டார்கள். இவற்றில் 400, 500 என்று இருக்கும். ஆக, போன இடத்தில் வாடகைதான். ஐரோப்பாவில் இதன் மோட்டார் மணிக்கு 25 கி.மீ. வரை கைகொடுக்கும். எனக்கு அதுதான் குறை. ஏற்றத்திலும் இருபதில் பறந்தால், ஓரத்துப் புல்லில் சிறகை மூடி உட்கார்ந்திருக்கும் நீலன் என்ற சின்னப் பட்டாம்பூச்சி காய்ந்த இலையாகத்தான் தெரியும்.

சாதா சைக்கிள் செங்குத்தான ஏற்றத்தில் 6, 7 கி.மீ. வேகத்தைத் தாண்டாது. கண்ணுக்கு அது நடை மாதிரியேதான். தோன்றிய இடத்தில் காலை ஊன்றி நின்றுவிடலாம். அப்புறம் வியர்வை! ஒரு மலைப்பாதையில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றிருந்தேன். நீலன் ஒன்று கைப்பிடி ரப்பரில் வந்து உட்கார்ந்தது. சுருண்டிருந்த உறிஞ்சுகுழலை நீட்டி, என் உள்ளங்கை நனைத்த வரிப்பள்ளங்களை ஒவ்வொன்றாகத் துழாவியது. எல்லாம் உப்புக்காக. ஓடையோர ஈரமண்ணில் ஆண் பூச்சிகள் கூட்டமாக மொய்ப்பதும் இதற்குத்தான். வேர்க்காமல் ஏறுகிறவர் கைப்பிடிக்கு இந்த விருந்தாளி வருவது சந்தேகம்.

இறக்கத்தில் இரண்டும் ஒன்றுதான். கண் ரோட்டிலும் கை பிரேக்கிலும் இருக்கும்.

பேட்டரி ஜெயிக்கும் இடமும் உண்டு. வெள்ளைச் சிறகில் சிவப்புப் பொட்டு வைத்த அப்பல்லோவை ஆல்ப்ஸின் உயரமான பாறைச் சரிவுகளில் பார்த்தே ஆகவேண்டும், இருப்பதோ ஒரே நாள், முழங்காலும் ஒத்துழைக்காது என்றால் யோசிக்காமல் அதை எடுங்கள். மோட்டாரை மட்டும் குறைந்த நிலையில் வையுங்கள். மடக்கு சைக்கிள் ரயிலில் ஏற்ற வசதி, ஜல்லிப்பாதையில் உதறி எடுத்துவிடும்.

எதில் போனாலும் நீண்ட தூரத்தைக் காலைக் குளிரிலேயே மிதித்துவிடுங்கள். 13 டிகிரிக்குக் கீழே கணக்கெடுப்பவர்களே வெளியே வருவதில்லை. உடம்பு சூடேறாமல் பட்டாம்பூச்சியால் பறக்க முடியாது.

வாடகைக்கு எடுக்கும்போது ஸ்டாண்டு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் புல்லில்தான் சாய்க்கவேண்டும். நீங்கள் தேடி வந்தது அந்தப் புல்லிலேயே உட்கார்ந்திருக்கும்.