பேரலல் பேனாவில் தமிழ் லெட்டரிங்: சில வருட அனுபவம்

புதுச்சேரியில் கடைப் பலகை, கஃபே மெனு, கல்யாணப் பத்திரிகை என்று டிசைன் வேலை செய்கிறேன். பெயரை எழுத்துருவில் தட்டாமல் கையால் எழுதிக் கொடுக்கும் வேலைகளுக்குச் சில வருடங்களாக பைலட் நிறுவனத்தின் தட்டை நிப் பேனாவான பேரலல் பேனாதான். தமிழுக்கு இது ஒத்துவருமா என்று பலர் கேட்கிறார்கள். நன்றாகவே வரும், பிடிக்கும் கோணத்தை மட்டும் தமிழுக்காக மாற்ற வேண்டும்.

நிப் என்பது இரண்டு தட்டை உலோகத் தகடுகள். அவற்றின் நடுவே மை இறங்குகிறது. 1.5, 2.4, 3.8, 6.0 மி.மீ. அகலங்களில் கிடைக்கும். நான் அதிகம் எடுப்பது 3.8.

இட்டாலிக், காத்திக் என்ற ஆங்கில எழுத்துப் பாணிகளின் பாடங்கள் நிப்பின் விளிம்பை எழுதும் வரிக்கு 45 டிகிரியில் பிடிக்கச் சொல்லும். அந்தக் கோணத்தில் செங்குத்துக் கோடும் கிடைக்கோடும் ஒரே தடிமனில் விழும். 6 மி.மீ. நிப் என்றால் இரண்டுமே சுமார் 4.2 மி.மீ. ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் நீளமான கிடைக்கோடு குறைவு, அதனால் தெரியாது. நம் க, ட, ப, ம எல்லாம் அடியிலோ நடுவிலோ கிடைக்கோட்டின்மேல் நிற்பவை. அவை கனத்துப்போய் உட்கார்ந்துவிடும். 30 டிகிரிக்கு இறக்கினால் அதே நிப்பில் செங்குத்து 5.2 மி.மீ., கிடை 3 மி.மீ. ப நிமிர்ந்து நிற்பதை அப்போது பார்க்க வேண்டும், அவ்வளவு அழகு!

அடுத்தது சுழி. பெயரில் மூன்று சுழி ண இருந்தால் அதைத்தான் முதலில் எழுதிப் பார்ப்பேன். அது அடைத்துக்கொள்ளாமல் வருகிற உயரம்தான் மொத்தப் பெயருக்கும் உயரம். இட்டாலிக்கில் நிப் அகலத்தைப்போல் ஐந்து மடங்கு போதும் என்பார்கள். தமிழுக்கு ஏழாவது வேண்டும் என்பது என் கணக்கு.

இரண்டு வரியாக அடுக்கும்போது இன்னும் கவனம் தேவை. 'புதுச்சேரி' என்ற பெயரையே எடுங்கள். பு கீழே இறங்குகிறது, ச் தலையில் புள்ளி, ரி தலையில் இகரத்தின் மேல்விலங்கு. இந்தப் பெயரை மேலும் கீழுமாக இரண்டு முறை எழுதிப் பார்த்தால் எங்கே இடிக்கும் என்று புரிந்துவிடும். எழுத்துரு அதற்காக வரி இடைவெளியை மொத்தமாகக் கூட்டும். கையால் எழுதும்போது பு-வின் காலை மட்டும் கொஞ்சம் குறைக்கலாம், புள்ளியை ஓரமாக நகர்த்தலாம். கை லெட்டரிங் தமிழில் வாழ வேண்டும் என்று நான் விரும்புவதே இதனால்தான்.

காகிதம்: அரவிந்தர் ஆசிரமத்தின் கைத்தாள் ஆலை உள்ள ஊர் இது, நல்ல பருத்திக் காகிதத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் எந்த ஆலைத் தாளானாலும் பசை ஏற்றாததாக இருந்தால் மை பரவும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் இன்னும் பரவும். ஸ்கேன் செய்யப்போகும் எழுத்துக்கு வழவழப்பான தாளே போதும். இந்தியன் இங்க்கை இந்தப் பேனாவில் ஊற்றவே கூடாது, காய்ந்தால் தகடுகள் ஒட்டிக்கொள்ளும். பெட்டியில் வரும் மெல்லிய பிளாஸ்டிக் தாளை நிப்பின் இடுக்கில் விட்டு இழுத்தால் அழுக்கு வந்துவிடும்.

அப்புறம் கணினி. 600 டிபிஐ கிரேஸ்கேலில் ஸ்கேன் செய்து, இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் ட்ரேஸ் பிட்மேப் கொடுத்தால் படம் வெக்டராக, அதாவது கோடுகளாக மாறும். வருகிற வெக்டரில் தேவையில்லாத நோடுகள் (கோட்டின் வடிவத்தைத் தீர்மானிக்கும் புள்ளிகள்) குவிந்திருக்கும். அதை அப்படியே அச்சுக்கு அனுப்ப எனக்கு மனம் வராது. வளைவின் உச்சிகளில் மட்டும் நோடு வைத்து மேலேயே திரும்ப வரைகிறேன். நேரம் பிடிக்கும், ஆனால் சுழியின் வளைவு உயிரோடு வரும்.

புதுச்சேரியின் பழைய பிரெஞ்சுப் பகுதியான வெள்ளை நகரத்துக் கடைக்காரர்கள் சிலர் பழைய எழுத்தைக் கேட்கிறார்கள். தமிழ்நாடு அரசின் 1978ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்துக்கு முன்பு ணை, லை, ளை, னை நான்கிலும் ஐகாரம் யானைத் தும்பிக்கைபோல் மேலே சுருண்டிருக்கும். வழக்கமான எழுத்துருக்களில் அது கிடைப்பது அரிது. பட்டை நிப்பில் ஒரே இழுப்பில் வந்துவிடுகிறது. இளையவர்கள் படிக்கத் தடுமாறுவார்கள் என்பதால் பெயர்ப் பலகையில் மட்டும் போட்டு, மெனுவில் இன்றைய வடிவத்தையே வைக்கச் சொல்கிறேன்.

பேனாவால் எழுதியதைப் பெரிய பலகைக்குப் பெருக்கினால் தாளின் சொரசொரப்பும் சேர்ந்து பெருகும். நாலடிக்கு மேல் என்றால் சார்ட் தாளில் தட்டைப் பிரஷ்ஷால் எழுதுங்கள், அதே 30 டிகிரியில். முழு அளவில் பிரிண்ட் எடுத்துச் சுவரில் ஒட்டி, தெருவின் எதிர்ப்பக்கம் நின்று படித்துப் பார்த்த பிறகு கடைக்காரரிடம் காட்டுங்கள்.