ஸ்டீரியோ படத்துக்குப் பிரிண்ட்: ஸ்டுடியோவா, பிரஸ்ஸா, ஆல்பம் லேபா?

ஸ்டீரியோ என்றால் ஒரே காட்சியை இரண்டு கண்ணுக்கும் தனித்தனிப் படமாக எடுத்து, வியூவர் என்ற லென்ஸ் கருவியில் வைத்து ஆழத்தோடு பார்ப்பது. அதற்கென்றே அமைந்த இடம் பொள்ளாச்சித் தென்னந்தோப்பு. முன்னால் ஒரு மரம், பின்னால் வரிசை வரிசையாக மரங்கள், அதற்கும் பின்னால் ஆனைமலை. படம் எடுத்துவிடலாம். இடக்கண் படமும் வலக்கண் படமும் ஒரே நிறத்தில் பிரிண்டாகி வருவதுதான் பெரிய பாடு.

முதல் வழி, பிலிமை ஸ்டுடியோவில் கொடுத்து நேராக 4×6 பிரிண்ட் போடுவது. "ஏனுங்ணா, ரெண்டும் ஒரே போட்டோ தானுங்களே, ஒண்ணு போதாதுங்களா?" என்ற கேள்வியைத் தாண்டி வந்தாலும் மெஷின் விடாது. அது ஒவ்வொரு படத்தையும் தனித்தனியாகக் கரெக்‌ஷன் பண்ணும். இடப்படத்தில் கொஞ்சம் வானம் கூடினால் போதும், அது மட்டும் இருண்டுவிடும். வியூவரில் வைத்தால் மட்டையெல்லாம் மினுங்கும். ஓரத்தையும் இஷ்டத்துக்கு வெட்டும். ஸ்டீரியோ ரியலிஸ்ட் போன்ற பழைய கேமரா என்றால் இன்னும் சிக்கல். பிலிம் ஓரத்துத் துளைக் கணக்கில் வழக்கமான பிரேம் 8 துளை அகலம், அதில் 5 துளைதான். ஒரு ஜோடியின் படங்கள் அடுத்தடுத்தும் இருக்காது. அதனால் பிலிமைக் கழுவ மட்டும் கொடுங்கள், நெகட்டிவை வெட்ட வேண்டாம் என்று கவரிலேயே எழுதிவிடுங்கள். ஸ்கேன் பண்ணும்போது இரண்டுக்கும் ஒரே செட்டிங்.

அப்புறம் ஸ்டீரியோ போட்டோ மேக்கர் என்ற இலவச மென்பொருளில் மேல்கீழ் பிசகைச் சரிசெய்து, ஜோடியை ஒரே பைலாக்கிவிட வேண்டும். மெஷின் நிறத்தை மாற்றினாலும் இரண்டுக்கும் சேர்த்தே மாற்றும்.

அந்த பைலை டிஜிட்டல் பிரஸ்ஸில் கொடுத்தால் மலிவு, உடனே கிடைக்கும். ஆனால் வியூவர் லென்ஸ் பெரிதாக்கிக் காட்டுவதால் மைப்புள்ளிகள் தெரியும். விசிட்டிங் கார்டுக்குச் சரி, இதற்கு வேண்டாம்.

என் ஓட்டு கல்யாண ஆல்பம் போடும் கலர் லேபுக்கு. நம் பக்கம் கல்யாணத்துக்கா பஞ்சம்? ஆல்பத்தின் 12×36 அங்குலத் தாளில், ஹோம்ஸ் என்ற பழைய மாதிரி வியூவருக்கான 3½×7 அங்குல அட்டைகள் வரிசைக்கு ஐந்து, மொத்தம் மூன்று வரிசை என 15 அடங்கும். 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) 10800×3600 பிக்சல் வைத்தால் போதும். ஆனால் சில லேபுகளில் ஆல்பமும் பிரஸ்ஸில்தான் அடிக்கிறார்கள். மருந்தில் கழுவி எடுக்கும் போட்டோ பேப்பரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கரெக்‌ஷன், லேமினேஷன், பைண்டிங் எதுவும் வேண்டாம் என்று சொல்லுங்கள். சொரசொரப்பான பேப்பரும் ஆகாது. அந்தச் சொரசொரப்பு தென்னை மரத்துக்கு முன்னால் திரை போட்ட மாதிரி நிற்கும்.

ஒன்றிரண்டு அட்டைதான் வேண்டுமென்றால் அவ்வளவு தூரம் அலைய வேண்டாம். ஓர் அட்டைக்கான ஜோடி பைலை மேலும் கீழும் வெள்ளை விட்டு 5×7 ஆக்கிப் பென்டிரைவில் போட்டு, போட்டோ பேப்பரில் போடும் உள்ளூர் ஸ்டுடியோவிலேயே 5×7 பிரிண்ட் எடுத்து, 5 அங்குலப் பக்கத்தை 3½-க்கு நறுக்கினால் ஓர் அட்டை தயார்.